லாட் தேடும் நிரலும் லைசென்ஸ் குழப்பமும்

பேர்ணாம்பட்டில் ஒரு டேனரியின் (தோல் பதனிடும் ஆலையின்) ஸ்டாக் கணக்கைப் பார்க்கும் வாசகர் ஒரே கடிதத்தில் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். லாட் (ஒரு தொகுதித் தோல்) விவரங்களை ஜேசனில் (JSON, தரவை எழுத்தாகச் சேமிக்கும் வடிவம்) வைத்து ஜாவாஸ்கிரிப்டில் தேடுகிறார். ஒவ்வொரு லாட்டுக்குள்ளும் பீஸ்களின் (தனித்தனித் தோல்களின்) பட்டியல் இருக்கிறது. பீஸுக்குத் தரம், சதுர அடி. லூப்புக்குள் லூப் எழுதி அலுத்துவிட்டதாம், விடையும் சில நேரம் தப்பாக வருகிறதாம். இது முதல் கேள்வி. அந்தத் தேடல் நிரலை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போடச் சொல்கிறார் நண்பர், எந்த லைசென்ஸ் போடுவது என்பது இரண்டாவது.

முதலில் தேடல். உங்களுக்கு வேண்டியது லாட்டா, பீஸா? இதை முடிவு செய்யாமல் எழுதுவதால்தான் பாதிக் குழப்பம். 'முதல் தரப் பீஸ் ஒன்றாவது இருக்கும் லாட்கள்' வேண்டுமென்றால் வெளியே ஃபில்டர் (filter, பொருந்துவதை மட்டும் பிரித்தெடுப்பது), உள்ளே சம் (some, ஒன்றாவது பொருந்துகிறதா என்று பார்ப்பது). எல்லாப் பீஸும் முதல் தரமாக இருக்க வேண்டுமென்றால் சம் இருக்கும் இடத்தில் எவ்ரி (every). காலிப் பட்டியலுக்கு எவ்ரி 'சரி' என்றே சொல்லும் என்பதால், பீஸே ஏற்றாத லாட்டும் விடையில் வந்து உட்காரும். பீஸ்களே வேண்டுமென்றால் ஃபிளாட்மேப் (flatMap) போட்டு எல்லா லாட்டின் பீஸ்களையும் ஒரே பட்டியலாக்கி, பிறகு ஃபில்டர் செய்யுங்கள். அப்போது லாட் எண்ணையும் ஒவ்வொரு பீஸோடு சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எந்த லாட்டிலிருந்து வந்தது என்பது தெரியாது.

ஒன்றும் கிடைக்காவிட்டால் ஃபில்டர் காலிப் பட்டியலைத் தரும். இஃப் சோதனையில் காலிப் பட்டியலும் உண்மை என்றே எடுத்துக்கொள்ளப்படும், ஆகவே அதன் நீளத்தைப் பாருங்கள். ஃபைன்ட் (find) அப்படியில்லை: முதலில் பொருந்திய ஒன்றைத் தரும், கிடைக்காவிட்டால் அன்டிஃபைன்ட் (undefined, அதாவது மதிப்பே இல்லை).

விடை தப்பாக வருவதற்கு நான் முதலில் சந்தேகிப்பது சதுர அடியை. படிவத்தில் தட்டிய எண் எழுத்துச் சரமாகத்தான் வரும். இரண்டு பக்கமும் சரமாக இருந்தால் '9.5' என்பது '10'ஐ விடப் பெரியது என்று ஜாவாஸ்கிரிப்ட் சொல்லும், ஏனென்றால் அது முதல் எழுத்தை வைத்து ஒப்பிடுகிறது. உள்ளே வாங்கும்போதே எண்ணாக மாற்றிவிடுங்கள்.

அடுத்த சந்தேகம் தமிழ்ப் பெயர்கள். சோளிங்கர், ஜோலார்பேட்டை இரண்டிலும் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் சமமா என்று கேட்டால் இல்லை என்று வரும். சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் (normalize, ஒரே வடிவத்துக்கு மாற்றுவது) போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

நம் ஊர்ப் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டைக்குப் போயின. பழைய பதிவில் ஆம்பூர் வியாபாரி இன்னும் 'வேலூர் மாவட்டம்' என்றே இருப்பார். நிரல் சரி, தரவுதான் பழசு. 1989இல் வட ஆற்காடு பிரிந்ததையும் சேர்த்தால் இது இரண்டாவது முறை, இனியும் பிரிக்கமாட்டார்கள் என்று யார் சொன்னார்? ஊரை மட்டும் பதிவில் வைத்து, மாவட்டத்தை ஒரு தனி அட்டவணையிலிருந்து எடுங்கள்.

லாட் எண்ணை வைத்து அடிக்கடி தேடுவதாக இருந்தால் ஒருமுறை மேப் (Map, எண்ணைக் கொடுத்தால் பதிவை நேராக எடுத்துத் தரும் அட்டவணை) ஒன்றைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். சில ஆயிரம் பதிவுகளுக்கு அதுவும் அவசியமில்லை. ஜேசன்பாத் என்ற வினவல் மொழி 2024இல் ஆர்எஃப்சி 9535 என்ற இணையத் தர ஆவணமாகத் தரப்படுத்தப்பட்டிருக்கிறது. பயனரே தேடல் விதியை எழுதித் தருகிற நிரலுக்கு அது உதவும், உங்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

இனி லைசென்ஸ். எம்ஐடியா (ஏறக்குறைய எதற்கும் அனுமதி தரும் உரிமம்) ஜிபிஎல்லா (வினியோகித்தால் மூல நிரலையும் தரச் சொல்லும் உரிமம்) என்று யோசிக்கும் முன், நிரல் யாருடையது என்று பாருங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக ஊழியர் எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான் என்கிறது 17ஆம் பிரிவு. நீங்கள் சம்பளத்தில் இருப்பவர் என்றால் முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது.

அடுத்து, நிரலில் வேறு யாருடைய வரிகள் இருக்கின்றன? ஜிபிஎல் நூலகத்திலிருந்து ஒரு ஃபங்ஷனை எடுத்து ஒட்டியிருந்தால் முழுவதையும் எம்ஐடி என்று வெளியிட முடியாது. அதை நீக்கிவிட்டு நீங்களே எழுதுங்கள், அல்லது நிரலையே ஜிபிஎல்லில் விடுங்கள். நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் பதில்களும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் இருக்கின்றன, எழுதியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும், பகிர்ந்தால் அதே உரிமத்தில் பகிர வேண்டும். பலர் மறப்பது இன்னொன்று: சர்வரில் மட்டும் ஓடும் ஜிபிஎல் நிரலுக்கு மூலத்தைத் தரும் கடமை வராது (வர வேண்டுமென்று நினைப்பவர்களுக்காகத்தான் ஏஜிபிஎல்), ஆனால் பிரவுசருக்கு அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட் பிரதி வினியோகம்தான்.

இதெல்லாம் சுத்தமாக இருந்தால், இவ்வளவு சிறிய நிரலுக்கு எம்ஐடி போதும். பேட்டன்ட் பற்றிக் கவலைப்படும் பெரிய கம்பெனிகள் பயன்படுத்தும் என்று எதிர்பார்த்தால் அப்பாச்சி 2.0. உங்கள் நிரலை மாற்றி வினியோகிப்பவர் மூலத்தையும் தந்தே ஆக வேண்டும் என்றால் ஜிபிஎல் 3. லைசென்ஸ் கோப்பே இல்லாமல் போடுவது தாராளம் ஆகாது, அனுமதியே தராததற்குச் சமம். பேக்கேஜ் கோப்பில் உள்ள லைசென்ஸ் வரியையும் பாருங்கள். என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிர்வகிக்கும் கருவி) அங்கே தானாக ஐஎஸ்சி என்ற வேறொரு லைசென்ஸை நிரப்பி வைத்திருக்கலாம்.

வெளியிடும் முன் மாதிரித் தரவையும் பாருங்கள். உண்மையான வியாபாரி பெயர், விலை, போன் எண் எதுவும் போகக்கூடாது. பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிப்பில்) அவை இருந்தால் இப்போது அழித்தும் பயனில்லை, கிட் வரலாற்றில் தங்கியே இருக்கும். கற்பனை லாட்களை வைத்துப் புது ரெப்போ (நிரல் களஞ்சியம்) ஒன்றைத் தொடங்கிவிடுங்கள்.