தேவிகுளத்தில் தொட்டியில் வைத்த ஜப்பானிய மேப்பிளுக்கு இலை ஓரம் கருகுவது ஏன்?

கேள்வி: தினமும் தண்ணீர் விட்டும் மார்ச்சில் இலை ஓரம் கருகுகிறது. சிவப்பு இலை மரம், ஆனால் அடியிலிருந்து பச்சை இலையோடு ஒரு கிளை வேகமாக வருகிறது. பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் இருக்கும் அக்காவுக்கும் ஒரு கன்று கொடுக்கலாமா?

பதில்: கருகியது மார்ச்சில் என்றாலும் கெட்டது பெரும்பாலும் ஜூலையில். தென்மேற்குப் பருவமழையில் தொட்டி மாதக்கணக்கில் ஊறினால் நுனிவேர்கள் அழுகும். மரம் அப்போது காட்டிக்கொள்ளாது. தண்டில் சேர்த்து வைத்ததைக் கொண்டு அடுத்த துளிரைக்கூட விட்டுவிடும். வெயிலும் காற்றும் ஏறும்போதுதான் மிச்சமிருக்கும் வேரால் தண்ணீர் ஏற்ற முடியாமல், கடைசியாக நீர் போய்ச் சேரும் இலை ஓரம் முதலில் காய்கிறது. அதைப் பார்த்து இன்னும் ஒரு வாளி ஊற்றினால் இருக்கிற வேரும் போகும்.

தொட்டியின் ஓரமாக விரலால் கிளறி ஒரு வேரை இழுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிர்பழுப்பாக, நுனி வெள்ளையாக இருக்கும். அழுகிய வேர் கறுத்திருக்கும். இழுத்தால் தோல் உறை போல உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சும்.

இலை விரிந்த பிறகு மண்ணை முழுதாக உதறி மாற்றாதீர்கள். இப்போதைக்குத் தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் அரைச் செங்கல் வைத்துச் சாய்த்து விடுங்கள், அடியில் தேங்கும் நீர் வடியும். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் போதும். மதியத்துக்கு மேல் நிழல். மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்த பிறகே தண்ணீர். கருகிய இலை மறுபடி தேறாது, பறிக்கவும் வேண்டாம். இந்த நிலையில் உரம் எதுவும் கூடாது.

மண் மாற்ற மாதத்தைப் பார்க்காமல் மொட்டைப் பாருங்கள். இலை உதிர்ந்து, மொட்டு பருத்து, இன்னும் வெடிக்காத வாரம்தான் சரி. சலித்துத் தூசி நீக்கிய 3 முதல் 6 மி.மீ. செங்கல் ஜல்லி 3 பங்கு, தேங்காய் நார்த் துண்டு 1 பங்கு, நன்கு மட்கிய உரம் 1 பங்கு. தேங்காய் நாரை இரண்டு மூன்று முறை ஊறவைத்து அலசிவிடுங்கள். அதில் உப்பு இருந்தால் அதுவும் இலை ஓரத்தைக் கருக்கும். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். கலவை சரியென்றால் ஊற்றும் நீர் மேலே நிற்காமல் உடனே அடித்துளையில் வரும். ஜூன் முதல் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள்.

வட்டவடைப் பக்கம் உருளைக்கிழங்கு போட்ட நிலத்து மண்ணை மட்டும் கொண்டுவராதீர்கள். வெர்டிசிலியம் வாடல் பூஞ்சை உருளை, தக்காளி, கத்தரி மூன்றையும் பிடிக்கும், மேப்பிளையும் பிடிக்கும். ஓரம் கருகாமல் ஒரு கிளை மட்டும் திடீரென்று முழுதாக வாடினால் அதைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கட்டையில் பச்சைப் பழுப்புக் கோடு தெரிந்தால் இதுதான் என்று சந்தேகிக்கலாம். இதற்கு மருந்து கிடையாது.

பச்சைக் கிளை வேர்க்கன்றுடையது, அதாவது ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் நாற்றுடையது. சிவப்பு ரகங்களைப் பெரும்பாலும் பச்சை இலை நாற்றில்தான் ஒட்டுக் கட்டுகிறார்கள். ஒட்டு முடிச்சுக்குக் கீழே வரும் எதையும் தண்டோடு ஒட்ட வெட்டுங்கள். நுனியை மட்டும் கிள்ளினால் ஒன்று மூன்றாகும். விட்டு வைத்தால் சில வருடங்களில் சிவப்பை அமுக்கிவிடும்.

சித்தூருக்கு வேண்டாம். வெயிலை நிழல்வலை போட்டுச் சமாளிக்கலாம், குளிர்காலத்தை எங்கிருந்து கொண்டுவருவது? வாரக்கணக்கில் குளிர் பட்டு உறங்கினால்தான் இந்த மரம் ஒழுங்காகத் துளிர்க்கும். போதாக்குறைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மெல்லிய இலையை உலர்த்தியே கொன்றுவிடும். அக்காவுக்கு ஹைபிஸ்கஸ் அசிட்டோசெல்லா என்ற சிவப்பு இலைச் செம்பருத்தியைக் கொடுங்கள். இலை மேப்பிள் மாதிரியே இருக்கும், குச்சி நட்டாலே வேர் பிடிக்கும், சூட்டுக்கு அஞ்சாது. இணையத்தில் விற்கும் ‘நீல மேப்பிள்’ விதையை மட்டும் வாங்கிவிட வேண்டாம், அப்படி ஒரு மரமே இல்லை.