சோளத்தாம்பு தின்ற மாடு: எந்த மருந்து, எப்போது?

கேள்வி: ஆனேக்கல் பக்கம் ஐந்து கறவை மாடு வைத்திருக்கிறேன். அறுத்த சோளக்கொல்லையில் மழைக்குப் பின் துளிர்த்த தாம்பை இரண்டு மாடுகள் மேய்ந்தன. அரை மணி நேரத்துக்குள் ஒன்று விழுந்து செத்தது. இன்னொன்றை டாக்டர் ஊசி போட்டு எழுப்பினார். அந்த மருந்தை வாங்கி வைக்கலாமா? பூச்சிமருந்து விஷத்துக்குப் போடும் அட்ரோபின் உதவுமா? ஏரிக்கரைப் புல்லும் போடுகிறேன், அதிலும் விஷம் உண்டு என்கிறார்களே?

பதில்: அட்ரோபினை முதலில் ஒதுக்கிவிடுங்கள். பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து உள்ளே போய், எச்சில் ஒழுகி, கண்மணி சுருங்கிக் கிடக்கும் மாட்டுக்கு உரியது அது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் மாட்டைக் கொன்றது சயனைடு. வாடிப் பின் துளிர்த்த இளஞ்சோளத்தில் டூரின் என்ற பொருள் அதிகம். மாடு மென்றதும் அதிலிருந்து சயனைடு பிரியும். உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 2 மி.கி. போனாலே உயிருக்கு ஆபத்து. ரத்தத்தில் பிராணவாயு இருந்தும் உடம்பால் அதைப் பயன்படுத்த முடியாது. அதனால்தான் ஈறும் இமையின் உட்புறமும் பளிச்சென்று சிவந்திருக்கும்.

சாக்கடை நீர் குடித்து வளர்ந்த ஏரிக்கரைப் புல்லின் ஆபத்து நைட்ரேட். அது வயிற்றில் நைட்ரைட்டாகி, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். ரத்தம் சாக்லேட் நிறமாகும். பெரும்பாலும் தின்று சில மணி நேரம் கழித்தே மூச்சுத் திணறும்.

இந்த வேறுபாட்டில்தான் மருந்து இருக்கிறது. சயனைடுக்குச் சோடியம் நைட்ரைட்டும், அதைத் தொடர்ந்து சோடியம் தயோசல்பேட்டும் சிரையில் போடுவார்கள். முதல் மருந்து ரத்தத்தின் ஒரு பகுதியை வேண்டுமென்றே பழுப்பாக்கிச் சயனைடைப் பிடித்து வைக்கிறது. இரண்டாவது அதைச் சிறுநீரில் வெளியேறும் பொருளாக மாற்றுகிறது. ஏற்கெனவே நைட்ரேட்டால் பழுப்பான ரத்தத்தில் அதே சோடியம் நைட்ரைட்டைப் போட்டால் மாட்டை நாமே கொன்றதாகும். ஆகவே அதை வீட்டில் வைக்கவே வைக்காதீர்கள். நைட்ரேட்டுக்கு உரியது மெத்திலீன் புளூ: 1% கரைசல், கிலோவுக்கு 4 மி.கி. முதல். 400 கிலோ மாட்டுக்கு 160 மி.லி., மெதுவாகச் சிரையில். சிறுநீர் பச்சையாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் டாக்டர் சொல்லும்வரை அந்தப் பாலை விற்பனைக்கு ஊற்றக் கூடாது.

நீங்கள் வைத்துக்கொள்ளக்கூடியது தயோசல்பேட், அதாவது போட்டோக்காரர்கள் பயன்படுத்திய ஹைப்போ உப்பு. ஈரம் புகாத டப்பாவில் அரைக் கிலோ போதும். மாடு நின்றுகொண்டு, நன்றாக விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும் 30 கிராமை அரை லிட்டர் நீரில் கரைத்துக் கொடுங்கள். வயிற்றில் மிச்சமிருக்கும் சயனைடைக் கட்டுப்படுத்தும். தள்ளாடும் மாட்டுக்கோ விழுந்துவிட்ட மாட்டுக்கோ எதையும் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். புளிக்கரைசல் இதற்கு மருந்தல்ல. வாய்வழி ஹைப்போவை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடவும் கூடாது. சிரையில் கிலோவுக்கு 500 மி.கி. வேண்டும், 400 கிலோ மாட்டுக்கு 20% கரைசல் ஒரு லிட்டர். அந்தக் கரைசலைக் கிருமியின்றித் தயாரிப்பது டாக்டர் வேலை. கால்நடை மருத்துவ உதவி எண்ணான 1962-ஐ அழைக்கும்போதே ‘சோளத்தாம்பு, இத்தனை மணிக்கு, ஏரிப்புல்லும் உண்டு’ என்று சொல்லிவிடுங்கள். மாட்டை நடத்தவோ விரட்டவோ வேண்டாம்.

இனிமேல் தாம்பு இரண்டு அடிக்கு மேல் வளரும்வரை கொல்லையில் மாட்டை விடாதீர்கள். வறட்சிக்குப் பின் மழை பெய்த உடனே விடுவதுதான் மிக மோசம். அறுத்துப் போடுவதானால் பூத்த பிறகு அறுங்கள். கோஎப்எஸ் 29 போன்ற பலமுறை அறுக்கும் ரகத்துக்கு முதல் அறுவடை 65ஆம் நாளிலும், பிறகு 50 நாளுக்கு ஒருமுறையும் சரி. நன்றாகக் காய்ந்த தட்டையில் சயனைடு பெருமளவு குறைந்துவிடும். நைட்ரேட் அப்படிக் குறையாது. காய்ந்த புல்லிலும் அப்படியே இருக்கும். அது தண்டின் அடியில்தான் சேர்வதால் புல்லை அரை அடிக்கு மேலே விட்டு அறுத்து, பாதிக்குப் பாதி ராகி வைக்கோல் கலந்து, பசியோடு இல்லாத மாட்டுக்குப் போடுங்கள். ஈரப்புல்லை இரவெல்லாம் குவித்து வைத்துச் சூடேறவிட்டால் நைட்ரேட் அங்கேயே நைட்ரைட்டாகிவிடும். அந்தக் குவியலைக் குப்பையில் போடுவதே மேல்.

இன்னொரு மாடு செத்தால் உடனே பிரேதப் பரிசோதனைக்குச் சொல்லுங்கள். ரத்தத்தின் பழுப்பு நிறம் நேரம் போகப் போக மறைந்துவிடும். நைட்ரேட்டைக் காட்ட டாக்டர் கண்ணுக்குள்ளிருக்கும் நீரை எடுப்பார். தின்ற தீவனத்தில் ஒரு பிடியையும் காற்றுப் புகாத பையில் கட்டி, பனிக்கட்டியில் வைத்து அவரிடம் கொடுங்கள். பெங்களூரு ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது உங்களுக்கு வசதி.