தூங்காத காது

அன்புள்ள அம்மா,

வணக்கம். விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தைப் பற்றி நீங்கள் எழுதிவரும் தொடரைப் படிக்கும்போதுதான் இந்தக் கடிதத்தை எழுதத் தோன்றியது. இரவைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவருக்குத் தூக்கம் வராமல் கிடப்பதைப் பற்றியும் ஏதாவது தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

எனக்கு 44 வயது. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீடு சத்துவாச்சாரியில். போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் மருத்துவமனையில் இருந்தார். இரவில் கூடத் தங்கிப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டராக நான்தான் இருந்தேன். இப்போது கோலூன்றி நடக்கிறார், தாமாகவே சாப்பிடுகிறார், பக்கத்து அறையில் குறட்டை விட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

காலை ஐந்தரைக்கு எழ வேண்டும் என்பதால் ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறேன். பன்னிரண்டு, ஒன்று வரை புரள்கிறேன். அப்பாவின் குறட்டை திடீரென்று நின்றால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பிறகு மணி பார்ப்பேன். இன்னும் நான்கு மணி நேரம்தான் இருக்கிறது என்று கணக்குப் போடுவேன்; போட்டதும் வருகிற தூக்கமும் போய்விடும். கையில் கட்டியிருக்கும் வாட்ச் காலையில் என் தூக்கத்துக்கு மதிப்பெண் போடுகிறது, பெரும்பாலும் ஃபெயில். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை படுத்துச் சரிக்கட்டப் பார்க்கிறேன். கசகசாப் பால், உள்ளங்காலில் விளக்கெண்ணெய், மந்திரித்த கயிறு எல்லாம் ஆயிற்று. மெடிக்கலில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். வாரத்தில் ஓரிரு நாள் போட்டுக்கொள்கிறேன். ஆறேழு மாதமாக இதே கதை. தூக்கம் வர ஒரு வழி சொல்லுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், வேலூர்

அன்புள்ள தம்பிக்கு,

நான் மருத்துவர் இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகு சில வருடங்கள் தூக்கமில்லாமல் தவித்து, ஒரு மனநல மருத்துவரிடம் போய் உட்கார்ந்து பாடம் கற்றுக்கொண்டவள். அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கசகசாவையும் வாட்சையும் விட எனக்கு முக்கியமாகப் பட்டது, குறட்டை நின்றால் எழுந்து போய்ப் பார்க்கிறேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். அப்பா டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார். நீங்கள் இன்னும் ஆகவில்லை.

வேலூர்க்காரருக்கு அட்டெண்டர் என்றால் யார் என்று விளக்க வேண்டியதில்லை. காந்தி ரோட்டு லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து தங்கி, நோயாளிக்குக் கஞ்சி வைத்து எடுத்துப் போகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். அவர்களில் யாரும் இரவில் முழுசாகத் தூங்குவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து ஓட வேண்டும். அதற்காகக் காதை மட்டும் விழிக்க வைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அப்படிப் பழகிய காதுக்கு, வீட்டுக்கு வந்த பிறகு இனி வேலையில்லை என்று யாரும் சொல்லவில்லை.

ஒன்றிரண்டு இரவு தூங்காமல் போவது நோயில்லை. நம் ஊரின் பெரிய மருத்துவமனையான சி.எம்.சி.க்கே மூலம் அப்படி ஓர் இரவுதான். திண்டிவனத்தில் அப்பாவோடு இருந்த இளம்பெண் ஐடா ஸ்கடரிடம் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரும்படி கெஞ்சினார்கள். அவர் அப்போது மருத்துவம் படித்தவர் அல்ல. மருத்துவரான அப்பாவை அனுப்புகிறேன் என்றால், ஆண் மருத்துவர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அன்று தூங்காமல் கிடந்தவர்தான் பிறகு மருத்துவம் படித்துவந்து 1900இல் வேலூரில் வேலையைத் தொடங்கினார். அப்படிப்பட்ட இரவுக்குக் காரணம் இருக்கிறது. காரணம் தீர்ந்தால் தூக்கம் திரும்பிவிடும். வாரத்துக்கு மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் மருத்துவர்கள் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்று கணக்கில் எடுக்கிறார்கள். நீங்கள் அந்தக் கணக்கில் வந்துவிட்டீர்கள்.

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார். சிலருக்கு இயல்பிலேயே தூக்கம் லேசானது. அதன்மேல் ஒரு சம்பவம் வந்து தூக்கத்தைக் குலைக்கிறது. மூன்றாவதுதான் உங்களுக்கு வேண்டியது: குலைந்த தூக்கத்தைச் சரிசெய்வதற்காக நாம் எடுக்கிற முயற்சிகளே அதைக் குலைந்தபடியே வைத்திருக்கின்றன. ஒன்பது மணிக்குப் படுப்பது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை கிடப்பது, மணி பார்ப்பது எல்லாம் அந்த மூன்றாவது வகை. அப்பாவின் பக்கவாதம் தொடங்கிவைத்ததை இன்று நடத்திக்கொண்டிருப்பது ஒன்பது மணிப் படுக்கை.

கூத்துத் தொடரைப் படிப்பதாகச் சொன்னீர்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும் நாட்களை நினைத்துப் பாருங்கள். மதியம் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. முகவீணை காதைக் கிழிக்கும், மிருதங்கம் அதிரும், கட்டியங்காரன் சிரிக்க வைப்பான். அத்தனை சத்தத்திலும் பந்தலுக்குக் கீழே பாயில் குழந்தைகள் வாய் பிளந்து தூங்கும். வேஷக்காரர்கள் விடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, ஆடு கத்தினாலும் லாரி போனாலும், வேப்பமரத்தடியில் அடித்துப்போட்டாற்போல் தூங்குவார்கள். இருட்டு அறை, நிசப்தம், மெத்தை என்று பத்திரிகைகள் போடும் பட்டியலில் ஒன்றுகூட அங்கே கிடையாது. அவர்களிடம் இருப்பது இரவெல்லாம் ஆடிச் சேர்த்த களைப்பு. தூக்கத்துக்காக அவர்கள் காத்துக்கிடப்பதும் இல்லை.

ஒருவர் எவ்வளவு நேரம் விழித்திருக்கிறாரோ அவ்வளவு தூக்க அழுத்தம் மூளையில் சேர்கிறது. அடினோசின் என்ற பொருள் பகல் முழுவதும் சேர்ந்துகொண்டே போவது அதில் ஒரு பங்கு. இன்னொரு பக்கம், இது பகல், இது இரவு என்று சொல்லும் உடல் கடிகாரம். இரண்டும் ஒத்துப்போகும்போது தூக்கம் வருகிறது என்று அலெக்சாண்டர் போர்பேலி என்ற தூக்க ஆய்வாளர் 1982இல் விளக்கினார். உங்கள் ஞாயிற்றுக்கிழமையை இதில் வைத்துப் பாருங்கள். பத்து மணிக்கு எழுந்தவர் இரவு ஒன்பதுக்குப் படுத்தால் சேர்ந்திருப்பது பதினோரு மணி நேர அழுத்தம்தான். கடிகாரமும் நேரம் ஆகவில்லை என்கிறது. எப்படித் தூக்கம் வரும்?

ஆகவே என் யோசனை உங்களுக்குக் கொடுமையாகத் தோன்றலாம்: தாமதமாகப் படுங்கள். எட்டரை மணி நேரம் படுக்கையில் கிடக்கிறீர்கள், தூங்குவதோ ஐந்து மணி நேரம் போலிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு நள்ளிரவு பன்னிரண்டுக்கு முன் படுக்காதீர்கள். ஐந்தரைக்கு எழுந்துவிடுங்கள், ஞாயிறு, தீபாவளி எல்லாம் சேர்த்து. பகலில் கண்ணயர வேண்டாம். படுத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி, நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல், தூக்கமாக மாறிய பிறகு கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கலாம். அப்புறம் இன்னொரு கால் மணி. முதல் வாரம் பகலெல்லாம் எரிச்சலாக இருக்கும், கணக்கில் தப்பு வரும். சிப்காட்டுக்கு பைக்கில் போகிறவராக இருந்தால் அந்த நாட்களில் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள்; பெங்களூர் நெடுஞ்சாலையில் கண் சொக்கக் கூடாது. வலிப்பு நோயோ, மனம் அளவுமீறிப் பொங்கி வடியும் இருதுருவ நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன்.

படுத்தும் தூக்கம் வரவில்லை என்றால், சுமார் இருபது நிமிடம் ஆகியிருக்கும் என்று தோன்றியதும் எழுந்துவிடுங்கள். மணி பார்க்காதீர்கள், கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். கூடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து சுவாரசியமில்லாத எதையாவது செய்யுங்கள். துணி மடிக்கலாம், பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டலாம். தயவுசெய்து என் தொடரைப் படிக்காதீர்கள், அது எனக்கு அவமானமாகிவிடும். கண் சொக்கினால் மட்டும் திரும்பிப் போய்ப் படுங்கள். வராவிட்டால் மறுபடி எழுங்கள். 1972இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் வகுத்த முறை இது. படுக்கை என்றாலே புரளும் இடம் என்று உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. அதை மறக்க வைப்பதுதான் நோக்கம். இவையெல்லாம் சேர்ந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான் (சி.பி.டி.), மாத்திரைக்கு முன்னால், முதல் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ கேட்டால் முறையாகச் சொல்லித் தருவார்கள்.

மற்றதெல்லாம் துணைக்கு. மதியம் இரண்டுக்கு மேல் டீ வேண்டாம். குடித்த காஃபினில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும், அடினோசினை வேலை செய்ய விடாது. தூக்கத்துக்காகக் கொஞ்சம் மது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். படுத்ததும் வரும், பின்னிரவில் எழுப்பிவிடும். கசகசாப் பால் பிடித்தால் குடியுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். வாட்ச் அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான்; மூளையின் அலைகளை அது பார்ப்பதில்லை. கழற்றி வையுங்கள்.

வெயிலைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்றாலும் வேலூரில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விட முடியாது. உடலின் உட்சூடு கொஞ்சம் இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும். சுற்றிலும் பாறைமலை, மேலே பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம். நம் வீடுகளில் நள்ளிரவிலும் அனல் இறங்காது. சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளித்துவிட்டு, கொசுவலை கட்டிப் பாய் விரித்த நம் பெரியவர்கள் செய்தது சரியான வைத்தியம். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் வெதுவெதுப்பான நீரில் குளித்தாலும் ரத்தம் தோலுக்கு வந்து சூடு வெளியேறும். சித்திரையில் நமக்கு அடுப்பு மூட்ட வேண்டிய தேவையில்லை, மாடித் தொட்டித் தண்ணீரே போதும்.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். மெடிக்கலில் கொடுத்ததை உண்ணாதீர்கள். அல்பிரசோலம் போன்றவை சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். பழகினால் விடாது, பல நாள் தொடர்ந்து உண்டவர்கள் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பெயரை எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். விடியற்காலம் மூன்று மணிக்கே விழித்து, எதிலும் மனம் ஒட்டாமல், இருந்து என்ன பயன் என்று தோன்றினால் அது வெறும் தூக்கமின்மை அல்ல. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இனி அப்பாவின் குறட்டை. அதை நிம்மதியான தூக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அது திடீரென்று நிற்கிறது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபட, பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று, பிறகு திணறலோடு திரும்புவது ஸ்லீப் ஆப்னியா என்ற நோய். பக்கவாதம் கண்டவர்களிடம் இது பரவலாக இருக்கிறது. ரத்த அழுத்தத்தை ஏற்றும், மீண்டும் பக்கவாதம் வரும் ஆபத்தையும் கூட்டும். ஓர் இரவு தூங்க வைத்துச் செய்யும் பரிசோதனையில் தெரிந்துவிடும். இருந்தால், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் கருவி இருக்கிறது. நீங்களும் குறட்டை விடுகிறீர்களா என்று மனைவியிடம் கேளுங்கள். ஆம் என்றால், நான் மேலே சொன்ன குறைத்த தூக்கத்தைத் தொடங்கும் முன் நீங்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே முதல் வேலை இது: ஓர் இரவு அப்பாவின் அறையில் போனை வைத்து அவர் தூங்குவதைப் பதிவு செய்து, அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது காட்டுங்கள். அதுவரை அவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். கையெட்டும் தூரத்தில் ஓர் அழைப்பு மணி வையுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் வாரத்தில் சில இரவுகளை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அந்த இரவுகளில் உங்கள் அறைக்கதவு சாத்தியிருக்கட்டும். பரிசோதனையில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.