மூன்று மாதத்துக்கு ஒரு பேரிங்கா?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். மோட்டாருக்கும் மெஷினுக்கும் நடுவே ஓடும் 25 மி.மீ. ஷாஃப்டின் இரண்டு முனையிலும் 6205 பேரிங். மூன்றே மாதத்தில் கரகரவென்று சத்தம் வந்து போய்விடுகிறது. கம்பெனி மாற்றியும் பயனில்லை. ரோலர் பேரிங் போட்டால் தாங்குமா?

பதில்: தாங்காது. இன்னும் சீக்கிரம் போனாலும் போகும்.

6205 ஒரு பால் பேரிங், அதில் இருப்பது உருண்டை. பெல்ட் இழுக்கும் பாரத்தைத் தாங்கும். ஷாஃப்ட் நெட்டுவாக்கில் தள்ளினாலும் ஓரளவு சமாளிக்கும். ரோலர் என்பது உருளை, கோடு மாதிரி படிவதால் அதே அளவில் கூடுதல் பாரம் எடுக்கும், உண்மைதான். ஆனால் ஷாஃப்ட் துளி சாய்ந்தாலும் பாரமெல்லாம் ரோலரின் ஓரத்தில் குவிந்து, விளிம்பு உதிர ஆரம்பிக்கும். லாரி சக்கரத்தில் எதிரெதிராக ஜோடி போடும் டேப்பர் ரோலர், நெட்டுவாக்குப் பாரத்துக்கென்றே உள்ள த்ரஸ்ட் பேரிங் எல்லாம் உங்களுக்கு வேண்டாத செலவு.

எனக்குச் சந்தேகம் ஷாஃப்டைத் தாங்கும் உங்கள் ஃபிரேம் மேல்தான். வெல்டிங் சூட்டில் ஆங்கிள் இரும்பு இழுத்துக்கொண்டால் இரண்டு ஹவுசிங்கும் (பேரிங் உட்காரும் கூடு) நேர்கோட்டில் நிற்காது. மெயினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். பிறகு ஒரு பக்க ஹவுசிங் போல்ட்டைத் தளர்த்திச் சுற்றுங்கள். சட்டென்று லேசாகிவிட்டால் சாய்வு நிச்சயம்.

கழற்றிய பேரிங்கை வீசிவிடாதீர்கள், வெட்டிப் பாருங்கள். வெளி வளையத்தில் உருண்டை ஓடிய தடம் கோணலாக இருந்தால் அதுவும் சாய்வைத்தான் சொல்கிறது. உருண்டைகளின் இடைவெளிக்குச் சரியாகக் குழிகள் இருந்தால் மாட்டும்போது வெளி வளையத்தில் சுத்தியல் விழுந்திருக்கிறது. பீன்யாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் அடித்தேன். மோட்டார் ஓடிய அன்றே முனகியது. ஷாஃப்டில் ஏற்றும்போது அடி உள் வளையத்தில் மட்டும்தான் விழவேண்டும். அதற்கு ஒரு பைப் துண்டு போதும்.

சாய்வுதான் காரணம் என்றால் எஸ்.ஜே.பி. ரோட்டில் யூ.சி.பி. 205 பிளாக் (பேரிங்கோடு சேர்ந்தே வரும் ஹவுசிங்) இரண்டு கேளுங்கள். உள்ளே இருக்கும் பேரிங்கின் வெளி முதுகு பந்துபோல் வளைந்திருக்கும். ஒன்றிரண்டு டிகிரி சாய்வென்றால் மாட்டும்போது தானே திரும்பி ஷாஃப்டோடு ஒத்துப்போகும். இதற்கும் துளை 25 மி.மீ.தான் (கடைசி இரண்டு எண்ணான 05-ஐ ஐந்தால் பெருக்கினால் துளை அளவு, 04 முதல் இந்தக் கணக்கு பொருந்தும்).

பெல்ட் வழுக்குகிறதென்று இழுத்துக் கட்டும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். பால் பேரிங்கில் பாரம் இரட்டித்தால் ஆயுள் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். இரண்டு வருஷம் ஓடவேண்டியது மூன்று மாதத்தில் நிற்கும்.