மூன்றும் ஒரே க்ரீம்தானா?

கேள்வி: எங்கள் ஹால் 14-க்கு 12 அடி. மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல். தரை, மாமனார் காலத்துச் சிவப்பு ஆக்ஸைடு. சுவர் இப்போது வெளிர் பச்சை. ஷேடு கார்டில் மூன்று க்ரீம்களைக் குறித்து வைத்திருக்கிறேன். “மூன்றும் ஒன்றுதான், ஏதாவது ஒன்றைச் சொல்லு” என்கிறார் கணவர். எனக்கு வித்தியாசம் தெரிகிற மாதிரியும் இருக்கிறது, தெரியாத மாதிரியும் இருக்கிறது. துண்டுகளை வெட்டி இணைத்திருக்கிறேன். பொங்கலுக்குள் அடித்தாக வேண்டும். எதை எடுப்பது, ஐயா?
- வாசகி, தென்காசி

பதில்: அம்மா, நீங்கள் அனுப்பிய துண்டுகளை ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தேன். மூன்றும் ஒன்றல்ல. முதலாவதில் மஞ்சள் ஓடுகிறது. இரண்டாவதில் ரோஸ். மூன்றாவதில் லேசான சாம்பல். தனித்தனியாகக் கையில் பிடித்தால் எல்லாமே க்ரீம்தான். சுத்த வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தால்தான் உள்ளே ஓடுகிற நிறம் பிடிபடும். உங்கள் கண் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

என் அப்பா சுண்ணாம்பு அடித்தவர். பொங்கலுக்கு முந்தின வாரம் எங்களுக்குச் சாப்பிடவும் நேரம் இருக்காது. நீற்றின சுண்ணாம்பை வடிகட்டி, துணிக்குப் போடும் நீலத்தைச் சிறு முடிச்சாகக் கட்டி அதில் அலசி எடுப்பார். சுண்ணாம்பில் இருக்கிற மெல்லிய மஞ்சளை அந்த நீலம் அமுக்கிவிடும், சுவர் பளிச்சென்று இருக்கும். வெள்ளைக்குள்ளேயும் ஒரு நிறம் ஒளிந்திருக்கிறது என்பதை அந்த வாளியில்தான் கற்றுக்கொண்டேன்.

இப்போது உங்கள் ஹாலுக்கு வருவோம். பிற்பகல் வெயில் மேற்கு ஜன்னல் வழியாகச் சிவப்புத் தரையில் விழும். தரை அந்தச் சிவப்பைச் சுவரின் கீழ்ப்பாதிக்கு ஏற்றிவிடும். ஆகவே ரோஸ் ஓடுகிற இரண்டாவது வேண்டாம். முதலாவது, சாயங்கால வெயிலின் மஞ்சளும் சேர்ந்து, நீங்கள் நினைத்ததைவிட இரண்டு மடங்கு மஞ்சளாகத் தெரியும். என் விருப்பம் மூன்றாவதுதான். ஆனால் ராத்திரியில் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. கும்பகோணத்தில் ஒரு வீட்டுப் படுக்கையறைக்கு, பகல் வெளிச்சத்தில் மட்டும் பார்த்து, இதே மாதிரி சாம்பல் ஓடுகிற க்ரீமை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ராத்திரி டியூப்லைட் போட்டதும் சுவரில் உயிரே இல்லை. அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, முகம் மட்டும் வாடிப்போனது. என் செலவில் நான்கு சுவரையும் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

பல்பு டப்பாவில் கெல்வின் கணக்கு இருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, 3000 என்றால் மஞ்சள், 4000 நடுவாந்தரம். உங்கள் ஹாலில் 6500 எரிகிறதென்றால், மூன்றாவது நிறத்துக்கு 4000 மாற்றிப் போடுவது நல்லது. பெயிண்டை மாற்றுவதைவிடப் பல்பை மாற்றுவது சுலபம்.

பட்டுப் புடவை எடுக்கும்போது கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்ப்பீர்கள் இல்லையா? சுவருக்கும் அதே கவனம் வேண்டும். முதலாவதிலும் மூன்றாவதிலும் சிறிய அளவு வாங்கி, இரண்டு அடிக்கு இரண்டு அடி வெள்ளை அட்டைகளில், ஓரத்தில் நான்கு விரல் வெள்ளை விட்டு, இரண்டு கோட் அடியுங்கள். இப்போதுள்ள சுவரிலேயே திட்டுத் திட்டாக அடித்துப் பார்க்க வேண்டாம். பச்சைக்குப் பக்கத்தில் எந்த க்ரீமும் ரோஸாகத்தான் தோன்றும். பக்கத்து நிறம் கண்ணை இப்படி இழுப்பதைப் பற்றி ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1839-லேயே பெரிய புத்தகம் போட்டிருக்கிறார். ஈரமாக இருக்கும்போதும் முடிவு செய்யாதீர்கள். எமல்ஷன் காய்ந்தால் கொஞ்சம் அடர்த்தியாகும். அட்டையைத் தரையை ஒட்டி ஒரு தடவை, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு தடவை, காலை, நான்கு மணி, விளக்குப் போட்டபின் என்று இரண்டு நாள் பாருங்கள். நான்கு சுவரும் ஒன்றின்மேல் ஒன்று நிறத்தை வீசுவதால் ஹால் முழுக்க அடித்தபின் இன்னும் ஒரு படி கூடித் தெரியும். மனம் ஊசலாடினால் வெளிறியதை எடுங்கள்.

ஜன்னல், கதவு போக உங்கள் ஹாலுக்கு இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய 7 லிட்டர் பிடிக்கும். மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்கி, எல்லா டப்பாவையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்தபிறகே அடிக்கச் சொல்லுங்கள். மெஷினில் கலக்கினாலும் டப்பாவுக்கு டப்பா நூல் அளவு வித்தியாசம் வரும், அது சுவரின் நடுவில் கோடாகத் தெரியும். மிச்சமாகும் அரை லிட்டரை இறுக மூடி, மூடியில் ஷேடு நம்பரை எழுதி வையுங்கள். ஆணி பிடுங்கின ஓட்டையை அடைக்கும்போது அதைத்தான் தேடுவீர்கள்.