தோட்டத்து விநோதங்கள்: கிராணியிடம் கேளுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் முப்பது வருடத்துக்கு மேல் கிராணியாக, அதாவது தோட்டத்துக் கணக்கராக, இருந்தவன் நான். நம் ஊரில் பார்த்த விநோதம் எதுவானாலும் கேளுங்கள் என்றேன், நிறையவே வந்துவிட்டன.

ஐயா, செம்பனைக் காட்டில் சில நேரம் சோம்பு வாசம் அடிக்கிறதே, மருந்து ஏதும் அடிக்கிறார்களா?

மருந்து இல்லை தம்பி, அது பூ வாசம். செம்பனையில், அதாவது எண்ணெய்ப் பனையில், ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூ மலரும்போது அந்தச் சோம்பு வாசத்தை விடும், அரிசியில் பாதி அளவுள்ள கூன்வண்டுகள் மொய்த்துக்கொண்டு வரும், அங்கேயே தின்று அங்கேயே முட்டை வைக்கும். பெண் பூவில் வண்டுக்குத் தீனியே கிடையாது. ஆனாலும் அதே வாசத்தை அதுவும் கொஞ்சம் விடும். வண்டு ஏமாந்து உள்ளே நுழையும், ஒன்றும் இல்லை என்று திரும்பும், அதற்குள் உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தம் பூவில் விழுந்துவிடும். நம் நாட்டுச் செம்பனைக் குலை எல்லாம் இந்த ஏமாற்றில்தான் காய்க்கிறது!

இந்த வண்டு இங்கே பிறந்ததே இல்லை. செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, வண்டு கூட வரவில்லை. 1917-ல் தென்னமரம் தோட்டத்தில் முதன்முதலாக வியாபாரத்துக்கு நட்டார்கள், ஆனால் 1981-ல்தான் கேமரூனிலிருந்து வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெண்கள் மகரந்தப் பொடியை எடுத்துக்கொண்டு மரம் மரமாக நடந்து பூவில் தூவுவார்கள். வெயில், முள், பாம்பு எல்லாம் உண்டு. வண்டு வந்ததும் அந்த வேலையே நின்றுபோனது. உதிரப்போகும் ஆண் பூ ஒன்றைத் தட்டிப் பாருங்கள், வண்டு பொலபொலவென்று கொட்டும்.

அண்ணே, என் அம்மா ரப்பர் பால் மரம் வெட்டினவங்க. கோடு எப்போதும் இடது மேலிருந்து வலது கீழேதான் இறங்கணும், மாற்றி வெட்டினால் வேலையை மேற்பார்க்கும் தண்டல் திட்டுவார் என்பார்கள். ஏன் அப்படி?

தண்டல் திட்டியது சரிதான் தங்கச்சி. பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஏறுவதில்லை, இடது கீழிருந்து வலது மேலாகச் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. அதற்கு எதிர்ச்சாய்வில் கத்தி போனால் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் பால் கூடும். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனதும் இதே கணக்குதான். ராத்திரியில் இலை வழியே தண்ணீர் அதிகம் போகாது, குழாய்களில் அழுத்தம் ஏறி நிற்கும். வெயில் ஏறினால் அழுத்தம் இறங்கும், பால் சுணங்கும். உங்கள் அம்மாவின் கைக்கு இது புத்தகம் இல்லாமலே தெரிந்திருந்தது.

தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரம் எட்டு மாடி தானே?

வெளியிலிருந்து எண்ணினால் எட்டு, உள்ளே போனால் மூன்றுதான். 1885-ல் கட்டியது, உள்ளே தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் கனமும் அடியில் இருக்கும் மெத்தென்ற மண்ணும் சேர்ந்து சாய்த்துவிட்டன.

கோலகங்சாரில் இருக்கும் பழைய ரப்பர் மரம் நிஜமா ஐயா?

நிஜம். 1876-ல் விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 கொட்டைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். ரப்பர் கொட்டை சீக்கிரம் கெட்டுவிடும், நூற்றுக்கு நாலுகூட முளைக்கவில்லை. அடுத்த வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன, அதில் 9 கோலகங்சாருக்கு. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது, பக்கத்தில் இருந்துகொண்டு பார்க்காமல் விடாதீர்கள்.

பள்ளிக்கூடப் பையன் கேட்கிறேன் தாத்தா: ரப்பர் பேண்டில் ஏதாவது விநோதம் உண்டா?

உண்டு கண்ணு. தடித்த பேண்டை உதட்டில் வைத்துக்கொண்டு சடாரென்று இழு, சூடு தெரியும். அப்படியே கொஞ்ச நேரம் பிடித்திருந்து, பிறகு சுருங்க விடு, குளிரும். 1805-ல் இதை எழுதிவைத்தவர் ஜான் கோஃப் என்பவர், சின்ன வயதிலேயே அம்மை போட்டுக் கண்பார்வை போனவர், அவரும் உதட்டில் வைத்துத்தான் கண்டுபிடித்தார். இன்னொன்றும் செய்து பார். பேண்டில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, தலைமுடி காய வைக்கும் மெஷினால் சூடு காட்டு. பேண்டு நீளும் என்றுதானே நினைப்பாய், அது சுருங்கிப் பூட்டை மேலே தூக்கும்.