நம்பர் பிளேட்டில் நீள வார்த்தை: கேள்வி பதில்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு போய்ச் சேர்வதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைகள் தலைசுற்றலை மறக்க எங்கள் கூட்டத்தில் ஒரு விளையாட்டு உண்டு. முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட்டில் உள்ள ஆங்கில எழுத்துகள் எல்லாம் அடங்கிய ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். வேறு எழுத்துகள் எத்தனை சேர்ந்தாலும் சரி, வரிசை மாறினாலும் சரி. யாருடைய வார்த்தை நீளமோ அவருக்கே புள்ளி. இதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அண்ணா, பிளேட்டில் ஏ, க்யூ வந்தால் மூளை நின்றுவிடுகிறது. டீ, என், ஏ, க்யூ நாலுக்கும் என்ன சொல்வது? (கல்லூரி மாணவர், அம்மாபேட்டை)

நாலையும் ஒன்றாகப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தம்பி. டீ, என், ஏ மூன்றும் மலிவான எழுத்துகள், தேடாமலே வரும். க்யூவை மட்டும் பிடியுங்கள். அதன் பின்னால் அநேகமாக எப்போதும் யு வரும். குவாலிட்டி, குவான்டிட்டி, ரிக்வெஸ்ட், ஈக்வல் என்று வாய்க்குள் உருட்டிப் பாருங்கள். ஈக்வலைக் கொஞ்சம் திருப்பினால் ஈக்வேஷன். நாலு எழுத்தும் வந்தாச்சு, நீளம் 8. ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளும் அதில் தலைக்கு ஒரு முறை இருப்பது உபரி அழகு. குவாலிட்டி பக்கம் போனால் குவாலிஃபை. வாலை நீட்டினால் குவாலிஃபிகேஷன், 13. தலையில் டிஸ் ஒட்டினால் டிஸ்குவாலிஃபிகேஷன், 16. எழுத்துகளைக் கட்டங்களில் அடுக்கி ஆடும் ஸ்கிராபிள் பலகையிலேயே ஒரு வரிசைக்கு 15 கட்டம்தான், அதில்கூட இது அடங்காது.

எந்தெந்த வால்களை மனப்பாடம் செய்ய வேண்டும், சார்? (ஆசிரியை, அஸ்தம்பட்டி)

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் டீச்சர், தமிழ்நாட்டு வண்டி நமக்கு அதிர்ஷ்டம். எல்லா பிளேட்டிலும் டீயும் என்னும் உண்டு. 'ஏஷன்' என்ற வாலில் ஏ, டீ, என் மூன்றுமே இருக்கின்றன. 'மென்ட்' வாலிலும் என், டீ இரண்டும் உண்டு. ஆக, வால் சேர்ந்ததுமே பாதி வேலை முடிந்தது. மிச்ச எழுத்துக்குத்தான் தலை தேட வேண்டும். எக்ஸ், இசட் இரண்டும் கேட்டால் மேக்ஸிமைசேஷன், 12. ஜே என்றால் ஜஸ்டிஃபிகேஷன், 13. ஜேயோடு எக்ஸும் கேட்டு மிரட்டினால் ஜக்ஸ்டபொசிஷன், அதுவும் 13. பள்ளிப் புத்தகத்தில் மேக்ஸிமைசேஷனுக்கு எஸ் போட்டிருக்கும். இசட் போட்டு எழுதுவதும் சரிதான், தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

முரண்டு பிடிப்பது கே. லத்தீனில் கே அபூர்வம், ஏஷன் லத்தீன் வழி வந்தது, அதனால் இரண்டும் எளிதில் ஒட்டாது. கே வந்தால் 'ஏபிள்', 'மென்ட்' பக்கம் போங்கள். டீ, என், ஏ, கே கேட்டால் அன்மிஸ்டேக்கபிள், 12. அதைவிட நீளம் வேண்டுமா, அக்னாலெட்ஜ்மென்ட். நாம் எழுதும் பிரிட்டிஷ் முறையில் 15, அமெரிக்க முறையில் ஒரு இ குறைந்து 14. இந்த ஒரு எழுத்துக்காக எங்கள் கூட்டத்தில் நடந்த சண்டையைத் தனியாக எழுதலாம்.

அரசு பஸ் பிளேட்டில் 'என்' எழுத்து இரண்டு முறை வருகிறதே, வார்த்தையில் ஒரு என் போதாதா? (சூரமங்கலம்)

போதாது. தமிழ்நாட்டில் அரசுப் பேருந்துகளுக்கு 'என்' எழுத்து வரிசைதான். ஆக டீ ஒன்று, என் இரண்டு. என்டர்டெயின்மென்ட் சொல்லுங்கள், 13 எழுத்தில் மூன்று என் இருக்கிறது.

வார இறுதியில் மலையில் பாதி வண்டி கேஏ, கேஎல்தான். அதற்கு? (ஏற்காடு)

நாலெட்ஜபிள். 13 எழுத்து, கே, ஏ, எல் மூன்றும் உள்ளன. இரண்டு மாநிலத்துக்கும் ஒரே வார்த்தை.

இதை ஒரு புரோகிராமாக எழுத முயல்கிறேன் அண்ணா. எங்கே தொடங்குவது? (பொறியியல் மாணவி, கொண்டலாம்பட்டி)

முதலில் வார்த்தைப் பட்டியல் வேண்டும். எனேபிள் என்ற பட்டியல் எவரும் பயன்படுத்தலாம், ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் வார்த்தைகள். 26 எழுத்துக்கும் ஆளுக்கொரு பிட், அதாவது 0 அல்லது 1 வைக்கும் ஒரு இடம் கொடுத்தால் ஒவ்வொரு வார்த்தையும் ஒரு எண்ணாகிவிடும். அதையும் கேட்ட எழுத்துகளின் எண்ணையும் 'ஆண்ட்' செய்யும்மா, அதாவது இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1 வை. கேட்ட எண் அப்படியே திரும்பி வந்தால் அந்த வார்த்தை பொருந்துகிறது. அப்புறம் நீளப்படி அடுக்கினால் முடிந்தது. ஆனால் மேலே சொன்ன அரசு பஸ் இங்கே காலை வாரும். எழுத்து இருக்கிறதா இல்லையா என்றுதான் பிட்டுக்குத் தெரியும், எத்தனை முறை என்று தெரியாது. ஒரே என் உள்ள எஜுகேஷனையும் அது உள்ளே விட்டுவிடும். எழுத்து இரட்டித்து வந்தால் எண்ணிக்கையையும் சரிபார்க்க வேண்டும்.

கணினியில் லினக்ஸ் இயங்குதளம் இருந்தால் புரோகிராமே வேண்டாம். 1973-இல் கென் தாம்ப்சன் அதன் முன்னோடியான யூனிக்ஸுக்கு எழுதிய, கேட்ட எழுத்துள்ள வரிகளைத் தேடித் தரும் க்ரெப் கட்டளை போதும். எழுத்துக்கு ஒரு க்ரெப் வைத்து ஒன்றின் விடையை அடுத்ததற்குள் பைப் செய், அதாவது அனுப்பு. இரண்டு 'என்' வேண்டுமானால் அவற்றின் நடுவில் ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரக் குறி; இடையில் எது வந்தாலும் சரி என்று அதற்குப் பொருள்.

நியூமோனோ என்று தொடங்கும் 45 எழுத்து வார்த்தையைச் சொல்லியே என் மகன் ஜெயிக்கிறான். தடை செய்யலாமா? (செவ்வாய்ப்பேட்டை)

தடை எதற்கு? அது 1935-இல் அமெரிக்காவின் தேசியப் புதிர்க்காரர் சங்கத் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் நீளத்துக்காகவே கட்டிய வார்த்தை. பொருள் என்னவோ தூசியால் வரும் நுரையீரல் நோய்தான். எழுத்துகளைப் பிரித்து எழுதிப் பாருங்கள், 45-இல் வெவ்வேறு எழுத்துகள் 14 மட்டுமே. க்யூ, ஜே, எக்ஸ், இசட், கே, ஒய், எச் எதுவும் கிடையாது. கைரேகை ஆய்வைக் குறிக்கும் டெர்மடோகிளிஃபிக்ஸ் 15 எழுத்துதான், ஆனால் 15-ம் வேறு வேறு. அதில் 'என்' இல்லாததால் தமிழ்நாட்டு பிளேட்டுக்கு உதவாது, ஆனால் எழுத்து வகையில் இந்தச் சின்னதுதான் பெரிய ஆள். டீயும் என்னும் மட்டும் உள்ள சுலபமான பிளேட்டில் பையன் 45-ஐயும் ஸ்பெல்லிங் பிசகாமல் சொன்னால் புள்ளியைக் கொடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் ஏ, க்யூ உள்ள வண்டியாகப் பார்த்து அவனிடம் கேளுங்கள்.